சொல்வதை எழுதுபவர்

ஜனவரி 8, புதன்

துறை அலுவலகத்தில் இன்று ஒரு புதுச் செய்தி கிடைத்தது. இயற்பியலில் மூன்று பருவமாக நான்தான் முதலிடம். எனக்கு அடுத்தவள் எனக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் எனக்குப் பட்டம் கொடுக்க மாட்டார்களாம். காரணம், பகுதி ஐந்து. தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம் எல்லாம் முதல் நான்கு பகுதிக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது பகுதியில் மாணவர்களின் ஆளுமை வளர வேண்டும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் தலையைக் காட்டிக் கையெழுத்து வாங்காவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண். இதை முதல் வருடமே செய்திருக்க வேண்டும். முதல் வருடம் நான் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் அது தவறு என்று யாரும் சொல்லவில்லை.

என்.சி.சி. என்றால் வெயிலில் நிற்க வேண்டும். விளையாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சம் என்.எஸ்.எஸ். அம்மாவிடம் சொன்னேன். நாலு பேரோடு பழகினால் நல்லதுதானே என்றாள். அந்த நாலு பேரையும் அம்மா பார்த்ததில்லை. மாவு அரைத்துக்கொண்டு வந்து, லேப் ரெக்கார்டு முடித்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

முதல் என்.எஸ்.எஸ். ஞாயிறு. திட்ட அலுவலர் எட்வின் சார், விலங்கியல் துறை. நல்ல மனிதர்தான், கேமராவைக் கண்டால் மட்டும் ஆளே மாறிவிடுகிறார். இவர்களுக்கென்று ஒரு கைதட்டல் இருக்கிறது, தனித் தாளத்தோடு. யார் எழுந்து எதைச் சொன்னாலும் அந்தத் தாளத்தில் தட்டுகிறார்கள். வருகைப்பதிவு எடுத்து முடித்ததற்கும் தட்டினார்கள்.

பிறகு எங்களைப் பேருந்தில் ஏற்றித் தத்துக் கிராமமான கீழவெட்டுக்குளத்துக்குக் கொண்டுபோனார்கள். தத்தெடுத்துப் பல வருடம் ஆகிறதாம். பிள்ளை இன்னும் தவழ்ந்துகொண்டிருக்கிறது. இன்று மரம் நடுவிழா. குழி தோண்டச் சொல்வார்களோ என்று பயந்தேன். அந்தத் தொந்தரவு இல்லை. போன வருடக் குழிகள் அப்படியே இருந்தன; போன வருடக் கன்றுகளை ஆடு தின்றிருந்தது. அந்த ஆட்டுக்காரரே வந்து எங்களை வரிசைப்படுத்தினார். "போன தடவ மேற்க பாத்து நின்னீங்க சார், மூஞ்சில நெழல் விழுந்துருச்சு. இப்படித் திரும்பி நில்லுங்க." ஒரு வேப்பங்கன்றைப் பதினைந்து பேர் பிடித்துக்கொண்டோம். என் பங்குக்கு ஓர் இலை கிடைத்தது.

ஜனவரி 26, ஞாயிறு

பேருந்து நிறுத்தத்தைச் சுத்தம் செய்தோம். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்ததால் பக்கத்துத் தோப்பிலிருந்து சருகு அள்ளிக்கொண்டு வந்து போட்டுப் பெருக்கினோம்.

பிப்ரவரி 3, திங்கள்

வெயில் படாத சமூக சேவை ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது, தேர்வில் அவர்கள் சொல்வதை எழுதுவது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்யலாம், எல்லாமே சேவை நேரத்தில் சேரும். எட்வின் சாரிடம் கேட்டதும் மகிழ்ந்துபோனார். இதற்கு யாருமே வருவதில்லையாம். போட்டோவில் ஒன்றும் தெரியாது, பிறகு யார் வருவார்கள்.

எழுதுபவர் கீழ் வகுப்பில், வேறு பாடம் படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு ஒதுக்கியது சத்யகலா என்ற மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவியை. பிறவியிலேயே பார்வை இல்லை. துறையூர்ப் பக்கம் சொந்த ஊர், இங்கே விடுதியில் இருக்கிறார். நவீன தமிழக வரலாறு என்ற ஒரு தாளில் இரண்டு முறை தோற்றிருக்கிறார். அந்தத் தாள் என் தலையில். மற்றத் தாள்களுக்கு வேறு ஆட்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

நூலகத்தின் பின்பக்க அறையில் முதல் வாசிப்பு. சத்யகலா அக்காவை நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். வாசல் வரை பேசாமல் வந்தார். பிறகு, தான்தான் என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் அவர் கையை இழுக்கக் கூடாது, ஆட்டுக்குட்டியா என்ன என்றார். உபகாரம் செய்ய வந்த இடத்தில் முதல் நாளே பாடம்.

நான் வாசிப்பது வேகம் என்றார். புத்தகம் அப்படி, மெதுவாக வாசித்தால் தூக்கம் வரும் என்றேன். சிரித்தார். செல்போனை வாசிக்க வைத்தால் அதற்குத் தமிழ் வாயில் நுழையவில்லையாம், அதற்கு நான் எவ்வளவோ பரவாயில்லையாம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆறு மணிப் பேருந்தை விட்டால் திருவெறும்பூருக்கு நின்றுகொண்டே போக வேண்டும். அதனால் நடுவில் இரண்டு பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன். ஒரே மாதிரி நிலவரிப் புலம்பல், யாருக்கு நஷ்டம்? அக்கா கையை உயர்த்தினார். நடுவில் ஏதோ போய்விட்டது என்றார். அச்சுப் பிழை என்றேன். "அச்சுப் பிழைன்னா பக்கத்தத் திருப்புற சத்தம் சீக்கிரமா வராது மோனி" என்றார். திரும்பவும் வாசித்தேன். பேருந்து போய்விட்டது. நின்றுகொண்டேதான் வந்தேன்.

மார்ச் 5, புதன்

இரண்டு முறை எப்படித் தோற்றார் என்று இன்று கேட்டேன். முதல் முறை எழுத வந்த பையன் வாலிபால் மேட்ச் முடித்துவிட்டு, பாதித் தேர்வில் வந்து சேர்ந்தான். இரண்டாவது முறை வந்தவளுக்குத் தமிழ் எழுதி நாளாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த 'ன' என்று அக்காவிடமே கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் அந்தந்த வருடம் தன்னார்வலர் சான்றிதழ் வாங்கினார்கள். ஆளுமை வளர்ந்தவர்கள்.

இந்த முறையும் போனால் அவ்வளவுதான் என்றார். பி.எட். சேர வேண்டும் என்று ஆசை. அண்ணன் ஏற்கெனவே படித்தது போதும் என்கிறாராம். வீட்டில் அண்ணியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. அரியர் முடியாவிட்டால் ஜூன் மாதம் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். இதை அக்கா அழுதுகொண்டு சொல்லவில்லை, பேருந்து நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. வாலிபால் பையன் எந்தத் துறை என்று விசாரிக்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

இன்று சண்டை. எனக்கு இந்தப் புத்தகம் மனப்பாடமாகிவிட்டது. ஒருமுறை கண்ணால் பார்த்தால் போதும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அக்காவுக்குப் பழைய கேள்வித்தாள் ஒன்றை வாசித்துப் பதில் சொல்லச் சொன்னேன். சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வது போல. ஆனால் தலைப்பு இல்லை, உட்தலைப்பு இல்லை, முன்னுரை முடிவுரை இல்லை. புத்தகம் இப்படிச் சொல்கிறது, எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று நடுவில் வழக்கு வேறு.

பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். விடை திருத்துபவர் எப்படித் திருத்துவார் என்று விளக்கினேன். அவர் படிக்க மாட்டார், பார்ப்பார். தலைப்பு, அடிக்கோடு, எண் போட்ட எட்டுக் குறிப்புகள். கண்ணுக்குத் தெரிந்தால் மதிப்பெண் விழும்.

"கண்ணுக்குத் தெரிஞ்சாவா?" என்றார்.

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோபப்படவில்லை. தான் மூன்று வருடமாக யோசித்ததைச் சொல்லத்தான் தேர்வுக்குப் போவதாகவும், எட்டுக் குறிப்பைச் சொல்ல நோட்ஸே போதும், சத்யகலா எதற்கு என்றும் கேட்டார். பாஸாக என்றேன். விடுதி வாசல் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

செய்முறைத் தேர்வு. ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. நன்றாகச் செய்தேன். அம்மாவுக்குக் கொத்தமல்லி வாங்க மறந்துபோய்த் திட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தேர்வு முடிந்தது. எங்களுக்குத் தனி அறை. மேற்பார்வைக்கு வந்த பேராசிரியை மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு செல்போனில் மூழ்கிவிட்டார். நான் கேள்வித்தாளை வாசித்தேன். அக்கா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, பேனா நிற்கும் வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெரிய வினாக்கள் வந்ததும் பழைய கதை. ஐந்தாவது கேள்வி தாது வருடப் பஞ்சத்தின் காரணங்களும் விளைவுகளும். மிகச் சுலபமான கேள்வி, புத்தகத்தில் குறிப்புக் குறிப்பாக இருக்கிறது. இவரோ, ஓர் அதிகாரி காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்று போய்க்கொண்டிருக்கிறார். இதற்கு எந்தத் திருத்துபவர் மதிப்பெண் போடுவார்? எனக்கு ஜூன் மாதமும் அண்ணியின் பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள்.

சிறு சிறு திருத்தங்கள் செய்தேன். சொன்னதை ஒழுங்குபடுத்தினேன் என்று வைத்துக்கொள்ளலாம். தலைப்புகளை ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று ஒருமுறை கேட்டார். எழுத்தைப் பெரிதாகப் போடுகிறேன் என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. விடைத்தாள் பார்க்க அச்சடித்தது போல இருந்தது. வெளியே வந்து இருவரும் கரும்புச்சாறு குடித்தோம். அக்கா அதிகம் பேசவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் பேசியவருக்குத் தொண்டை வலிக்கும்தானே.

ஏப்ரல் 23, புதன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒழுங்குபடுத்தியது ஒரு விடையை அல்ல, மூன்றை. அந்த மூன்றிலும் அக்கா சொன்ன வாக்கியம் ஒன்றுகூட இல்லை. உபயோகமான காரியம் செய்ததற்கு இத்தனை விளக்கம் எதற்கு என்று தெரியவில்லை. நாளை எனக்கு ஒளியியல் தேர்வு.

மே 11, ஞாயிறு

வெயில். அம்மா வற்றல் போட்டாள், காக்கை விரட்டுவது என் வேலை. அக்காவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஊரில் சிக்னல் இருக்காது.

மே 30, வெள்ளி

முடிவுகள் வந்துவிட்டன. என்னுடையது வழக்கம்போல. அக்காவின் பதிவெண்ணையும் போட்டுப் பார்த்தேன். நவீன தமிழக வரலாறு: எழுபத்தாறு. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், ஏதோ எனக்கே வந்தது போல. யாருக்கடி என்று அம்மா கேட்டாள். சரியான கேள்வி.

உடனே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். மாலையில் ஒரு சொல் வந்தது: பார்த்தேன். அவர் செல்போன் வாய்விட்டுப் படித்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் பார்த்தேன் என்றுதான் எழுதுவார். நன்றி என்று இன்னொரு சொல் சேர்த்தால் செல்போன் கோபித்துக்கொள்ளுமா?

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. என்.எஸ்.எஸ். கூட்டத்தில் எட்வின் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இந்த ஆண்டின் சிறந்த தன்னார்வலர் நான்தானாம். இருமுறை தோற்ற பார்வையற்ற மாணவி ஒருவரை எழுபத்தாறு மதிப்பெண் எடுக்க வைத்த கைகள் என்று சொல்லி என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அந்தத் தாளத்தில் தட்டினார்கள். ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.

சான்றிதழ்களைப் பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனாலும் மடங்கக் கூடாது என்று ஃபைலுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மா சட்டம் போட வேண்டும் என்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

சத்யகலா அக்கா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருந்தார். அண்ணன் அலுவலக வரிசையில் நின்றார். அக்கா கேன்டீன் பக்கத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு நகர்ந்து இடம் விட்டார். பி.எட். விண்ணப்பம் போட்டாயிற்று, பார்வையற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்துவிடும் என்கிறார்கள், அண்ணனும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, துறைத் தலைவர் கூப்பிட்டுத் தன் கையைக் குலுக்கியதையும் சொன்னார்.

"குலுக்க வேண்டியது உன் கைய" என்றார்.

புரியாதது போல இருந்தேன். எனக்கு அது நன்றாக வரும் என்று நினைத்திருந்தேன்.

"அஞ்சாவது கேள்விலேருந்து ஸ்கேல் வெக்கிற சத்தம் கேட்டுச்சு மோனி. நான் தலைப்பு எதுவும் சொல்லலையே."

நீங்கள் பாஸாக வேண்டும் என்றுதான் செய்தேன் என்றேன். வாலிபால் பையனையும், எந்த 'ன' என்று கேட்டவளையும் சொன்னேன். அவர்களால் நீங்கள் இரண்டு முறை தோற்றீர்கள், என்னால் எழுபத்தாறு என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கேன்டீனில் இருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா நான் முடிக்கும் வரை இருந்தார், பேனா நிற்கக் காத்திருப்பது போல.

"அப்பவே நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம். அண்ணன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். அது என் தப்பு. அத உன் மேல போட மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நான் சொன்னத அப்படியே எழுதியிருந்தா பாஸாயிருப்பேனா, மாட்டேனா? அந்தப் பையனாலதான் தோத்தேன்னு இவ்வளவு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தேன். இனிமே எனக்குத் தெரிய வழியே இல்ல. நான் சொன்னதக் கேட்ட ஒரே ஆளு நீதான். நீ சொல்லு."

தெரியவில்லை என்றேன்.

"உனக்கா?" என்றார்.

அதில் கிண்டல்கூட இல்லை. அண்ணன் வந்தார். எனக்கு வணக்கம் சொல்லி, நீங்கள்தானா அது, பெரிய உதவி செய்தீர்கள் என்றார். அக்கா எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பேன். நான் வைத்திருந்த நாலும் அப்படியே இருக்கின்றன.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். எனக்கு அழுகை வந்தது, எழுதிவைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. அம்மா சட்டம் போடுபவரிடம் விசாரித்திருக்கிறாள். கண்ணாடி வேண்டுமா, பிளாஸ்டிக் போதுமா என்று கேட்டாள். இரண்டும் வேண்டாம் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

என்.எஸ்.எஸ்.ஸுக்குப் போகவில்லை. கீழவெட்டுக்குளத்தில் இன்று மரம் நடுகிறார்களாம்.

அன்று என் கை வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தாலும், காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருமுறை கேட்டதையும் மறப்பதில்லை போலிருக்கிறது. வேண்டுமென்று செய்வதில்லை. ஐந்தாவது கேள்விக்கு சத்யகலா சொன்னது:

மழை பொய்த்ததுதான் பஞ்சத்துக்குக் காரணம் என்று புத்தகம் சொல்கிறது. மழை பொய்த்தால் வயல் காயும். லட்சக்கணக்கில் மனிதர்கள் சாவதற்கு அது மட்டும் போதாது. அந்த வருடங்களிலும் தானியம் இருந்தது. பசித்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ரயிலில் ஏறித் துறைமுகத்துக்குப் போனது. பசித்தவர்களைக் கல் உடைக்கவும் கால்வாய் வெட்டவும் வைத்தார்கள். அதற்கு நிவாரணம் என்று பெயர். நாள் முழுதும் கல் உடைப்பவருக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ஓர் அதிகாரி முடிவு செய்தார். முடிவு செய்த அன்று காலையில் அவர் சாப்பிட்டிருப்பார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவர். நல்லது செய்வதாகவே நம்பியிருப்பார். ஒரு ராத்தல் போதுமா என்று கல் உடைத்தவர்களிடம் அவர் கேட்டதாக, எனக்கு வாசித்துக் காட்டிய எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.